விழுப்புரத்திலிருந்து கப்பலேறும் கணக்கு

2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ என்ற சொகுசுக் கப்பலை முதல்வர் மு.க.ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். கார்டிலியா நிறுவனத்தின் கப்பல், பதினோரு தளங்கள், ஏறத்தாழ எண்ணூறு அறைகள். ஐந்து நாள் பயணம் என்றால் சென்னையில் கிளம்பி, விசாகப்பட்டினத்தைத் தொட்டு, புதுச்சேரி வந்து, சென்னைக்கே திரும்புவது என்று அறிவித்திருந்தார்கள். விழுப்புரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த வழியை வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்த்தால் சிரிப்புதான் வரும். வீட்டைப் பூட்டிக்கொண்டு 160 கிலோமீட்டர் வடக்கே போய்க் கப்பலேற வேண்டும். ஆந்திரக் கரை வரை போய்விட்டு, நம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களுக்கு நேர் கிழக்கே கடலில் கடந்து வந்து, புதுச்சேரியில் இறங்கி ஊர் பார்க்க வேண்டும். பிறகு மறுபடியும் சென்னைக்குப் போய், அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து வீடு சேர வேண்டும். அந்தப் புதுச்சேரியோ விழுப்புரத்துக்கும் சரி, திண்டிவனத்துக்கும் சரி, 40 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது. சனிக்கிழமை மாலை நினைத்தால் போய்க் கடற்கரையில் நடந்துவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம்.

இதைக் கேலிக்காகச் சொல்லவில்லை. கப்பல் சுற்றுலா விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது ஊர்ப் பெயர்கள். அவற்றைப் பார்த்துத்தான் பலரும் மனம் மயங்குகிறார்கள். ஊர்ப் பெயரை நம்பிக் கப்பல் டிக்கெட் வாங்கக் கூடாது என்பதே என் வாதம். காசு கொடுத்து வாங்குவது ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, கடலில் கழியும் இத்தனை இரவுகள், அவ்வளவுதான் என்று வைத்துக்கொண்டு, அதற்கு இந்த விலை தகுமா என்று பார்க்க வேண்டும். கரையில் இறங்கி ஊர் பார்க்கக் கிடைத்தால் அது மேல்வரும்படி. இப்படிப் பார்க்கத் தொடங்கினால், பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

இதற்கான ஆதாரத்தை அந்த ஐந்து நாள் பயணங்களில் முதலாவதே கொடுத்துவிட்டது. ஜூன் 10 அன்று கப்பல் புதுச்சேரிக் கடலுக்கு வந்து சேர்ந்தபோது, கரையில் இறங்க அனுமதி இல்லை என்றாகிவிட்டது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருக்கிறது, இது பண்பாட்டைக் கெடுக்கும் என்று கட்சிகளும் அமைப்புகளும் ஏற்கெனவே எதிர்ப்புக் கிளப்பியிருந்தன. அப்போதைய துணைநிலை ஆளுநர் தமிழிசை சௌந்தரராஜனும் பண்பாட்டுக்கு ஒவ்வாத எதையும் அனுமதிக்க முடியாது என்று சொல்லியிருந்தார். புதுச்சேரியைப் பார்க்கப் பணம் கட்டியவர்கள் அந்த ஊரைக் கடலிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அனுமதி மறுத்தது சரியா தவறா என்பது தனி விவாதம். எனக்கு அதில் இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. பயணியின் இடத்தில் நின்று பார்த்தால் கேள்வி வேறு: அனுமதி கையில் வரும் முன்பே ஓர் ஊரின் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்றது எப்படி?

கப்பல் என்றால் இப்படித்தான், புயல் வந்தால் வழி மாறத்தானே வேண்டும் என்று பதில் வரும். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. எந்தத் துறைமுகத்துக்குள் நுழைவது, எதைத் தவிர்ப்பது என்று பாதுகாப்பை முன்னிட்டு முடிவெடுக்கும் உரிமை கேப்டனுக்கு இருந்தே ஆக வேண்டும். சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளும் அந்த முடிவில் முதலாளி தலையிடக் கூடாது என்றே சொல்கின்றன. காற்று எழுந்த நேரத்தில், பணம் கட்டியாயிற்றே என்று கரைக்குக் கொண்டுபோகச் சொல்லும் பயணி யாருமில்லை. ஆனால் அரசு அனுமதி என்பது வானிலை அல்ல. அது ஒரு கோப்பு. வந்திருக்கிறதா இல்லையா என்று டிக்கெட் விற்பனையைத் தொடங்கும் நாளிலேயே நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் உலகெங்கும் கப்பல் பயண நிபந்தனைகளில் இந்த இரண்டும் ஒரே வரியில் கலந்துகிடக்கின்றன. ‘எந்தக் காரணத்துக்காகவும் வழித்தடத்தை மாற்றவோ துறைமுகத்தை நீக்கவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு’ என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். அதைத் தேடிப் படித்துவிட்டு இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்க வேண்டும். இந்தப் பயணத் தேதிக்கு ஒவ்வொரு துறைமுகத்திலும் அனுமதி கிடைத்துவிட்டதா? கிடைக்காமல் போனால் எவ்வளவு பணம், எத்தனை நாளில் திரும்ப வரும்? தொலைபேசியில் இனிமையாகப் பேசுகிறவர் சொன்னதெல்லாம் பிறகு எங்கும் செல்லாது.

அனுமதி இருந்தாலும் கரை இறங்குவது என்பது எல்லா ஊரிலும் ஒன்றல்ல. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கப்பல் துறைமேடையை ஒட்டி நிற்கும். பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தே இறங்கலாம். புதுச்சேரியில் அந்த வசதி கிடையாது. 2025 ஜூலையில் இதே கப்பல் அங்கே வந்தபோது, அது கடலில் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, பயணிகளைச் சிறு படகுகளில்தான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய கப்பலின் பக்கவாட்டுக் கதவிலிருந்து அலையில் ஏறி இறங்கும் படகுக்குக் காலை எடுத்துவைக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆள் நின்று கையைப் பிடித்துக்கொண்டாலும், முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கும் சக்கர நாற்காலியில் வரும் அப்பாவுக்கும் அது எளிதல்ல. கொஞ்சம் அலை கூடினால் படகுப் போக்குவரத்தையே நிறுத்திவிடுவார்கள். ஆகவே ‘கப்பல் அணைகிறதா, நங்கூரமிடுகிறதா’ என்று கேட்பது வீட்டில் அறுபதைத் தாண்டியவர் இருந்தால் விட்டுவிடக் கூடாத ஒன்று. 2022-இல் ஐந்து நாள் பயணத்தோடு இரண்டு நாள் பயணம் ஒன்றும் விற்றார்கள். சென்னையில் கிளம்பி நடுக்கடலுக்குப் போய்த் திரும்பிவிடும், எந்த ஊரும் கிடையாது. அந்த இரண்டு திட்டங்களில் நேர்மையானது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் பொய்யாகிப்போக ஒரு வாக்குறுதியே இல்லை.

இனி விலை. விளம்பரத்தில் ஒருவருக்கு 20,000 ரூபாய் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஓர் அறையை இருவர் பகிர்ந்துகொண்டால் தலைக்கு ஆகும் தொகை; தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேருக்கான பணத்தைக் கட்ட நேரிடும். அந்த விலைக்குக் கிடைப்பது ஜன்னலே இல்லாத உள்ளறை. கடல் தெரியும் அறைக்கு ஒரு விலை, பால்கனி வைத்ததற்கு இன்னொரு விலை. மேலே ஜிஎஸ்டி, துறைமுகக் கட்டணம், பணியாளர்களுக்கான சேவைக் கட்டணம். உள்ளே போனபின் மது, குளிர்பானம், வைஃபை, மசாஜ், சில சிறப்பு நிகழ்ச்சிகள் எல்லாம் தனிக் கணக்கு. ஊர் பார்க்கக் கரையில் இறங்கினால் வண்டிச் செலவும் தனி. கடலில் கொஞ்சம் தள்ளிப் போனதும் நம் செல்போன் நெட்வொர்க் போய்விடும். அறியாமல் கப்பலின் நெட்வொர்க்கில் இணைந்து ஒரு வீடியோ பார்த்துவிட்டால் பில் தலையைச் சுற்றவைக்கும் என்பதால், ஏறியதுமே ஃபிளைட் மோடில் போட்டுவிடுவது நல்லது. முதலில் ஒரு தொகையைக் காட்டி, பணம் கட்டும் பக்கம் வரை வரவிட்டுக் கடைசியில் ஒவ்வொன்றாக ஏற்றும் இந்தப் பழக்கத்தை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் ஏமாற்று உத்திகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. ‘இன்னும் இரண்டே அறைகள்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அதே பட்டியலில் உண்டு. சட்டம் இருக்கட்டும், முன்பதிவின் கடைசிப் பக்கம் வரை போய், மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு, பணம் கட்டாமல் வெளியே வந்து ஒரு நாள் யோசிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. இலங்கைத் துறைமுகங்களுக்குப் போகும் பயணம் என்றால் (2023 ஜூனில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வழியில் இதே கப்பல் போனது) பாஸ்போர்ட், விசாவோடு, வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கான டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரிப் பிடித்தமும் சேரும். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரக்கூடிய பணம்தான் என்றாலும், கட்டும் நாளில் கையில் இருந்தாக வேண்டும்.

சென்னைவாசியின் கணக்கு துறைமுக வாசலில் தொடங்கும். நம் கணக்கு வீட்டு வாசலில் தொடங்குகிறது. கப்பல் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். தாமதமாக வருகிறவருக்காகக் கப்பல் காத்திருக்காது, அவர் கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பாது. விழுப்புரத்திலாவது தென்மாவட்ட ரயில்கள் பலவும் நிற்கின்றன. திண்டிவனத்தில் நிற்பவை குறைவு, சாலைதான் கதி. காரில் வந்தால் ஆத்தூர், பரனூர் சுங்கச்சாவடிகளும் செங்கல்பட்டு, பெருங்களத்தூர் நெரிசலும் நேரத்தைத் தின்னும். விழுப்புரத்துக்காரருக்கு விக்கிரவாண்டிச் சாவடியும் சேர்த்தி. தொடர் விடுமுறை நாளில் இந்த வழி எப்படி இருக்கும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனவே முதல் நாளே போய்ச் சென்னையில் ஒரு ராத்திரி லாட்ஜில் தங்குவதைச் செலவோடு செலவாக எழுதிக்கொள்ள வேண்டும். கார் கொண்டுபோகிறவர் அத்தனை நாளும் அதை எங்கே நிறுத்துவது என்றும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மழைக்காலமானால் இது இன்னும் கடுமை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்தினார்கள். அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையில் தண்ணீர் ஓடியது. அப்படி ஒரு நாளில், சென்னையில் கடல் அடங்கிக் கப்பல் நேரத்துக்குக் கிளம்பினாலும், விழுப்புரத்துப் பயணி வீட்டை விட்டே கிளம்ப முடியாது. கப்பல் ரத்தானால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கப்பல் ஓடி, நாம் போய்ச் சேர முடியாமல் போனால் அது நம் பிழை என்றே ஒப்பந்தம் சொல்லும். பயணக் காப்பீடு எடுக்கும்போது ‘புறப்பாட்டைத் தவறவிட்டால்’ என்ற பிரிவு இருக்கிறதா, வெள்ளத்தால் சாலை, ரயில் துண்டிக்கப்படுவது அதில் அடங்குமா என்று பார்த்து வாங்குவது இதனால்தான்.

இன்னொரு பொருத்தமின்மையும் இருக்கிறது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை வலுக்கும் மாதங்களில்தான் மும்பையிலிருந்து இந்தக் கப்பல் நம் பக்கம் வருகிறது; அதாவது ஜூனை ஒட்டி. தமிழ்நாட்டில் பள்ளிகள் திறப்பதும் ஜூனில்தான். 2022-இல் கப்பல் கிளம்பியது ஜூன் 4. ஒன்று முதல் பத்து வரை வகுப்புகள் தொடங்கியது ஜூன் 13. குழந்தைகளோடு போக நினைக்கும் குடும்பம் ஏப்ரல், மே மாதங்களில் தேடினால் சென்னையில் கப்பல் இல்லை. கப்பல் வரும்போது குழந்தைக்கு லீவு இல்லை. வார இறுதிப் பயணத்துக்கு ஆசைப்பட்டால் அந்த நாட்களுக்கு விலை ஏறியிருக்கும். அந்த மாதங்களில் வங்கக் கடலின் வடபகுதியில் காற்றழுத்தத் தாழ்வுகள் உருவாவதும் வழக்கம் என்பதால், விசாகப்பட்டினம் போகும் வழியில் கப்பல் கொஞ்சம் ஆடலாம். பஸ்ஸிலேயே வாந்தி எடுக்கிறவர்கள் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை கேட்டு வாங்க வேண்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. கர்ப்பிணிகளையும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளையும் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை அல்லது நிபந்தனை வைக்கின்றன. கப்பலில் டாக்டர் இருப்பார். ஆனால் அவர் பார்ப்பதற்குத் தனிக் கட்டணம்.

இத்தனையும் பணக்காரர்களின் கவலை, விழுப்புரம் மாதிரியான விவசாய மாவட்டத்தில் இதை எழுத வேண்டுமா என்று கேட்கலாம். பணக்காரருக்குத்தான் இந்தக் கேள்விகள் தேவையில்லை. புதுச்சேரி போகாவிட்டால் அவருக்கு ஒன்றும் குறையாது. ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கும் ஆசிரியர் தம்பதி, கல்யாணமான கையோடு இஎம்ஐ போட்டு டிக்கெட் எடுக்கும் இளைஞர், பெற்றோரின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக அனுப்பும் பிள்ளைகள் என்று வாழ்க்கையில் ஒரு முறை போகிறவர்கள்தான் ஒவ்வொரு ரூபாய்க்கும் கேள்வி கேட்க வேண்டியவர்கள். தங்குமிடம், சாப்பாடு, நீச்சல்குளம், பாட்டு, நாடகம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கோவாவில் நல்ல ஓட்டல் எடுப்பதைவிட மலிவு என்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தக் கணக்கு பொய்யில்லை. அவற்றையெல்லாம் அனுபவிக்கிறவருக்கு மட்டும் அது பொருந்தும். ஒன்பது மணிக்குப் படுத்துவிடும் பழக்கமுள்ளவர், தான் பார்க்காத ராத்திரி நிகழ்ச்சிக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். கடலில் போக வேண்டும் என்பது மட்டுமே ஆசை என்றால், சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுப் பயணிக் கப்பல் பல காலமாகவே ஓடுகிறது. சொகுசு கிடையாது, இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஆனால் போய்ச் சேர வேண்டிய ஊர் ஒன்று உண்டு.

முதல்வரே கொடியசைத்தாரே, அதைவிட உத்தரவாதம் என்ன வேண்டும் என்ற எண்ணமும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. கொடியசைப்பு விழா, சேவை தொடரும் என்பதற்குச் சான்றாகாது என்பதை நம் கரையோர வரலாறே சொல்கிறது. தூத்துக்குடி–கொழும்பு பயணிக் கப்பல் 2011 ஜூனில் மத்திய அமைச்சர் கொடியசைக்கக் கிளம்பி, நவம்பரில் நின்றுபோனது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலை 2023 அக்டோபர் 14 அன்று பிரதமர் காணொலியில் தொடங்கிவைத்தார். ஒரு வாரத்துக்குள் பருவமழையைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டு, அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில் வேறு நிறுவனம், வேறு கப்பல் என்று மறுபடி தொடங்கியது. 2019-இல் மும்பையிலிருந்து ஆரவாரமாகத் தொடங்கிய ஜலேஷ் என்ற சொகுசுக் கப்பல் நிறுவனம் கொரோனாவைத் தாங்காமல் 2020-இல் மூடப்பட, அதன் ‘கர்ணிகா’ குஜராத்தின் ஆலங்கில் உடைப்புக்குப் போனது. நிறுவனங்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. கடல் தொழிலில் முதலீடு பெரிது, பருவம் சின்னது. புதியவர்கள் தள்ளாடுவது இயல்பு. ஆனால் ஆறு மாதம் முன்கூட்டியே முழுப் பணத்தையும் கட்டச் சொல்லும் இடத்தில், அந்தத் தள்ளாட்டத்தின் ஒரு பங்கைப் பயணியும் சுமக்கிறார். முன்பணம் மட்டும் கட்டி மீதியைப் பிறகு கட்டும் வாய்ப்பு உண்டா? ரத்தானால் பணமாகத் திரும்பத் தருவார்களா, அல்லது ‘அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு கூப்பனைத் தருவார்களா? அடுத்த பயணம் எப்போது என்று தெரியாத தொழிலில் இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

உள்ளூர் டிராவல்ஸ் மூலம் பணம் கட்டுகிறவர்கள், ரசீது யார் பெயரில் வருகிறது, அதில் கப்பல் நிறுவனத்தின் முன்பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, அந்த எண்ணை வைத்து நிறுவனத்திடமே நேரில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ரொக்கமாகக் கொடுப்பதைவிட வங்கி வழியாகவோ கிரெடிட் கார்டிலோ கட்டுவது, பிறகு கேள்வி கேட்கத் தடம் வைக்கும். அப்படியும் ஏமாற்றம் நேர்ந்தால், மும்பைக்கோ டெல்லிக்கோ ஓட வேண்டியதில்லை. நிபந்தனையில் வேறு ஊர் நீதிமன்றத்தைக் குறிப்பிட்டிருந்தாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க வழி செய்கிறது. திண்டிவனத்துக்காரர் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுக்கலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்கு முன் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் பார்க்கலாம். ஆணையத்தின் முன் நிற்கும்போது கையில் இருக்க வேண்டியது, எந்தெந்த ஊர், எத்தனை மணி நேரம் என்று சொன்ன அந்த விளம்பரம்தான். பயணம் முடிந்த பிறகு தேடினால் அது இணையத்தில் இருக்காது. பணம் கட்டும் அன்றே, விலைப் பக்கத்தையும் நிபந்தனைப் பக்கத்தையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.